பாரிமுனையில் சம்மதக் கடிதம் போட்டுத் தரும் ஒரு டைப்பிங் கடை

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு. போன அந்த ஒரு மார்க் எதற்கு என்பது பின்னால் வரும்.

உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கித் தம்புச் செட்டித் தெருவுக்குள் நடந்தால், ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவில், மாடிப்படிக்குக் கீழே ஒரு டைப்பிங் கடை. மேலே முதல் மாடியில் ஒரு நோட்டரி வக்கீல். கீழே டைப் அடித்து மேலே கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டியது. போர்டில் வாடகை ஒப்பந்தம், பெயர் மாற்றம், அஃபிடவிட் என்றுதான் இருக்கிறது. வெளிநாடு போகிற குழந்தைக்குச் சம்மதக் கடிதம், அதாவது கூட வராத தாயோ தகப்பனோ குழந்தை போவதற்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுப்பது, எங்கும் எழுதவில்லை. கேட்டால் செய்கிறார்கள்.

எனக்குத் தேவைப்பட்ட காரணம் இது. 2024 கோடை விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நானும் ஏழு வயது மகளும் மட்டும் போனோம். கணவருக்கு லீவு இல்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் இருப்பது என் அப்பா பெயர். மகளுக்கு அவள் அப்பா பெயர். அவருக்கோ என் மாமனார் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று சர்நேம். இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இதில் கவனிக்க ஒன்றுமே இல்லை. லண்டன் ஹீத்ரோ விமான நிலையக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு, சம்பந்தமில்லாத ஒரு பெண் யாரோ ஒரு குழந்தையைக் கூட்டி வருகிற மாதிரி தெரியலாம்.

அவர்கள் சந்தேகப்படுவதையும் குறை சொல்ல முடியாது. தாயோ தகப்பனோ மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிற வழக்குகள் நிறைய. அதற்கென்றே 1980இல் ஹேக் ஒப்பந்தம் வந்தது. பிரிட்டன் அதில் இருக்கிறது, இந்தியா சேரவில்லை. பிரிட்டன் அரசின் வழிகாட்டியிலேயே, குழந்தையின் சர்நேமும் உங்களுடையதும் வேறாக இருந்தால் கேள்வி வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மாதிரி உறவைக் காட்டும் காகிதங்கள் உதவும் என்கிறார்கள். கனடா இன்னும் விவரமாகக் கேட்கிறது: உடன் வராத பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம், அதில் அவருடைய முகவரி, போன் நம்பர், கூடவே அவருடைய பாஸ்போர்ட் நகல்.

இந்தக் கடிதத்துக்கு ஒரு டிராவல் ஏஜென்சி நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கேட்டது. அதில் அப்போஸ்டில் முத்திரையும், அதாவது நம் ஆவணத்தை வெளிநாட்டில் ஏற்க அரசு தரும் அத்தாட்சியும், அடக்கமாம். இந்த வேலைக்கு அப்போஸ்டில் எதற்கு என்று கேட்டேன். “சேஃப்டிக்கு மேடம்” என்றார் அந்தத் தம்பி. நன்றி சொல்லி போனை வைத்தேன். அலுவலக நண்பர் ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார்.

கடையின் பலம் டைப் அடிக்கிற அக்காதான். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வந்ததும் கையோடு ஒரு ரெடிமேட் ஃபார்மை எடுத்து நீட்டுகிற ஆள் இல்லை. மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கி வரிசையாக விரித்து வைத்துக்கொண்டார். “பாப்பாவுக்கு சர்நேம் கட்டத்துல சார் பேரு. உங்களுக்கு அப்பா பேரு. சாருக்கு அவங்க அப்பா பேரு. சரி, மூணும் வேற வேற. இதுக்குத் தனியா ஒரு பாரா போட்டுடலாம்.” தமிழ் வழக்கத்தில் தந்தையின் பெயரையே சர்நேமாக எழுதுகிறோம், அதனால் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் அது மாறும் என்று மூன்றே வரி, சுத்தமான ஆங்கிலத்தில். ஏஜென்சிக்காரருக்கு இது தோன்றவே இல்லை.

அடுத்து பிறப்புச் சான்றிதழ். மாநகராட்சி இணையதளத்தில் இலவசமாக இறக்கியது, தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். அதில் தாய் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறது. அக்கா அதையும் கண்டுபிடித்து, இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு வரி சேர்த்தார். நான் வங்கியில் வேலை பார்க்கிறவள். இனிஷியல் இடம் மாறியதால் செக் திரும்பி, கவுண்டரில் சண்டை போட வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். அந்த ஒரு வரியின் அருமை எனக்குத் தெரியும்.

தேதியிலும் விவரம். விசா கைக்கு வருவதற்கு முன்பே கடிதம் வேண்டும், மைனர் விசா விண்ணப்பத்திலேயே பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். டிக்கெட் அதற்கப்புறம்தான். அதனால் இன்ன நாளில் புறப்படுகிறார்கள் என்று எழுதாமல், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் என்று போட்டார்கள். லண்டன் அக்கா வீட்டு முகவரி, அவர் போன், என் கணவரின் போன், மெயில் எல்லாம் உண்டு. ஒரிஜினல் இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் டைப் அடிக்கிற அக்கா சொன்னார், ஒன்று ஃபைலில் மாட்டிக்கொண்டாலும் இன்னொன்று கைப்பையில் இருக்கும்.

நோட்டரியும் கறார். கணவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினால் வாங்க மாட்டார். நேரில் வந்து, ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டி, அவர் கண் முன்னால் போட வேண்டும். பெரிய ரெஜிஸ்டரிலும் ஒரு கையெழுத்து. என் கணவர் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து முணுமுணுத்தார். எனக்கென்னவோ இது பிடித்திருந்தது. ஆள் வராமலே முத்திரை குத்தித் தருகிற இடங்கள் அந்தத் தெருவிலேயே உண்டு என்கிறார்கள். அப்படி வாங்குகிற காகிதத்துக்கு என்ன மதிப்பு?

இப்போது அந்த ஒரு மார்க். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, வட்ட முத்திரையை ஓங்கிக் குத்தினார் நோட்டரி. அது நேராகக் கணவரின் போன் நம்பர் மேல் போய் உட்கார்ந்தது. கடைசி நான்கு எண்ணும் நீல மைக்குள் காணாமல் போயின. “அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்கம்மா” என்றார். இந்தக் கடிதத்தில் பார்ப்பதற்கென்று இருப்பதே அந்த நம்பர்தான், சந்தேகம் வந்தால் அதிகாரி கூப்பிடப்போவது அதைத்தானே? வேறு தாளில் அடித்துக் கொடுங்கள் என்று நின்றேன். கொடுத்தார்கள், ஆனால் கீழே மறு பிரின்ட்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்டார்கள். அவர்கள் குத்திய முத்திரை, என் ஐம்பது ரூபாய்! மொத்தம் எண்ணூற்று ஐம்பது ஆனது. உட்கார நாற்காலி ஒன்றே ஒன்று, ஃபேன் அக்கா பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள், அவள் வரத் தேவையும் இல்லை.

சரி, கடிதம் வேலை செய்ததா? சென்னை இமிக்ரேஷனில் அதற்கு வேலையே வரவில்லை. அதிகாரி மகளின் பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கத்துக்குத் திருப்பி, அங்கே அச்சாகியிருந்த தாய் பெயரைப் பார்த்து முத்திரை குத்திவிட்டார்.

ஹீத்ரோவில் வேலை வந்தது. மகளின் விசாவில், யாரோடு பயணிக்கலாம் என்று என் பாஸ்போர்ட் எண் இருந்தது. குழந்தைக்கு விசா எடுக்கும்போது கூட வரும் பெரியவர் விவரம் கேட்பது அதற்குத்தான். ஆனாலும் கவுண்டரில் இருந்த அதிகாரி அம்மாள் விடவில்லை. கவுண்டருக்கு மேலாக எட்டிப் பார்த்து, இது யார் என்று மகளிடமே கேட்டார். “அம்மா” என்றாள். அப்பா எங்கே என்றதற்கு “ஆபீஸ்” என்றாள். பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, என் பெயரை விரலால் தேடினார். அப்புறம் கடிதம். சர்நேம் பாராவில் வந்து விரல் நின்றது. முழுக்கப் படித்தார், தலையை ஆட்டினார், முத்திரை விழுந்தது. நோட்டரியின் சிவப்பு ஸ்டிக்கரை ஏறிட்டும் பார்க்கவில்லை. பிரிட்டனின் வழிகாட்டியிலும் நோட்டரி வேண்டும் என்று இல்லை. அதனால் இந்தக் கடையில் நான் காசு கொடுத்தது கீழே இருக்கும் அக்காவின் மூளைக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். அவர் இல்லாத நாளில் ஒரு பையன் உட்காருகிறான். அன்று போக வேண்டாம்.

கணவர் வெளிநாட்டில் இருந்தால் இந்தக் கடை உதவாது. அவர் அங்கேயுள்ள இந்தியத் தூதரகத்தில் போய்க் கையெழுத்தை அத்தாட்சி செய்து அனுப்பட்டும். விவாகரத்து ஆனவர்கள் கோர்ட் ஆர்டரின் சான்றளித்த நகலோடு முதலில் மாடிக்குப் போய் வக்கீலிடம் பேசுங்கள். அவர் மதியம் ஒன்றரைக்குச் சாப்பிடப் போனால் திரும்ப இரண்டரை ஆகும்.