கிராமப்புற யு.எஸ்.டி.ஏ. கடனா, எஃப்.எச்.ஏ.வா, கன்வென்ஷனலா? அமெரிக்காவில் முதல் வீடு வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

என் தங்கையும் மாப்பிள்ளையும் முதல் வீடு தேடத் தொடங்கியபோது, அவர்கள் பேசிய முதல் லெண்டர் (கடன் தருபவர்), "யு.எஸ்.டி.ஏ. கடன் விவசாயிகளுக்குத்தான்" என்று சொல்லி எஃப்.எச்.ஏ. (மத்திய வீட்டுவசதி நிர்வாகம்) விண்ணப்பத்தை நீட்டிவிட்டார். அது தவறான தகவல். அதை நம்பியிருந்தால் கையிலிருந்த சேமிப்பு முழுவதும் டவுன் பேமெண்ட்டாகவே கரைந்திருக்கும். நம்மில் பலர் சம்பளத்துக்கு ஏற்ற வீடு தேடி நகரத்தை விட்டு அரைமணி, முக்கால்மணி தள்ளிப் போகிறோம். அந்தத் தூரத்துக்கு அரசு ஒரு சலுகை வைத்திருக்கிறது என்பது தெரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். அதனால்தான் மூன்று கடன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

யு.எஸ்.டி.ஏ. என்பது விவசாயத் துறைதான். ஆனால் 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 502ஆம் பிரிவில் வரும் இந்தக் கடனுக்கும் வயலுக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால், வருமானம் தரும் பண்ணை நிலத்தை இதில் வாங்கவே முடியாது. கிராமப்புறத்தில், நீங்களே குடியிருக்கப்போகும் வீட்டுக்கு மட்டும்தான் இது. பணத்தைக் கொடுப்பது சாதாரண வங்கி. கடனில் 90 சதவீதம் வரை அரசு உத்தரவாதம் தருவதால்தான் வங்கி முன்பணமே கேட்காமல் கொடுக்கிறது. எஃப்.எச்.ஏ. கடனுக்கும் பின்னால் அரசின் காப்பீடு இருக்கிறது, ஆனால் ஊர்க் கட்டுப்பாடும் வருமான உச்சவரம்பும் கிடையாது. கன்வென்ஷனல் என்பது, வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்களின் விதிகளின்படி வங்கிகள் தரும் பொதுவான கடன்.

வட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கையில் இருக்கும் விசாவைப் பாருங்கள். யு.எஸ்.டி.ஏ. கடனுக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அகதிகள் போன்ற சில பிரிவினருக்கும் வழி உண்டு, ஆனால் எச்-1பி விசாவில் இருப்பவருக்குக் கிடைக்காது. எஃப்.எச்.ஏ. முன்பு எச்-1பிக்காரர்களுக்கும் கொடுத்தது. 2025 மே 25 முதல் அந்தக் கதவும் மூடிவிட்டது. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு எஃப்.எச்.ஏ.வுக்கான 3.5 சதவீத முன்பணத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். எச்-1பியில் இருந்தால் இந்த மூன்றில் மீதமிருப்பது கன்வென்ஷனல் மட்டும்தான். அதிலும் முதல் வீடு வாங்குவோருக்கு 3 சதவீத டவுன் பேமெண்ட் திட்டம் இருக்கிறது என்பது ஆறுதல்.

கிரீன் கார்டு கையில் இருந்தால் அடுத்த கேள்வி, ஊர். கிராமம் என்றதும் சோளக்கொல்லைக்கு நடுவே தனி வீடு என்று நினைக்க வேண்டாம். 35,000 பேர் வரை வசிக்கும் சில சிறு நகரங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. யு.எஸ்.டி.ஏ. வலைத்தளத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்தால் வரைபடமே சொல்லிவிடும். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தகுதி உண்டு, அந்தப் பக்கம் இல்லை என்று ஆகலாம். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு முகவரியாகப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வருமானம். நம் குடும்பங்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டின் மொத்த வருமானம் அந்தப் பகுதியின் நடுநிலை வருமானத்தில் 115 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2025 ஜூன் மாத அளவுகளின்படி, பெரும்பாலான மாவட்டங்களில் நான்கு பேர் வரை உள்ள வீட்டுக்கு இது 1,19,850 டாலர். செலவு அதிகமான பகுதிகளில் இன்னும் கூடும். "மொத்த வருமானம்" என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கடன் பத்திரத்தில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வீட்டில் குடியிருக்கப்போகும் பெரியவர்கள் எல்லோருடைய வருமானத்தையும் கூட்டுவார்கள். என் தங்கை வீட்டில் மாமனார் ஒரு கடையில் பகுதிநேரம் வேலை பார்க்கிறார். அவர் சம்பளம் தகுதியைக் கணக்கிடும்போது உள்ளே வந்தது. தவணை கட்டும் திறனைக் கணக்கிடும்போது மட்டும் வெளியே போய்விட்டது, ஏனென்றால் கடனில் அவர் பெயர் இல்லை. ஒரே சம்பளம் ஓரிடத்தில் பாரமாக இருக்கிறது, இன்னோரிடத்தில் உதவாமல் போகிறது. கூட்டுக் குடும்பமாக இருப்பவர்கள் இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாகப் போட்டுக்காட்டும்படி லெண்டரிடம் கேட்க வேண்டும். நல்ல செய்தியும் உண்டு. குழந்தைகளுக்காக ஒரு கழிவு இருக்கிறது, 12 வயது வரை உள்ள குழந்தைகளின் டே கேர் செலவையும் கழித்துக்கொள்ளலாம். தங்கை வீட்டில் அந்த டே கேர் கழிவுதான் வருமானத்தை வரம்புக்குள் கொண்டுவந்தது.

சரி, இப்போது பணக் கணக்கு. 2,50,000 டாலர் வீடு, 30 வருஷக் கடன், ஒப்பிடுவதற்காக மூன்றுக்கும் ஒரே 6.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம்.

யு.எஸ்.டி.ஏ.வில் டவுன் பேமெண்ட் பூஜ்யம். தொடக்கத்தில் 1 சதவீத உத்தரவாதக் கட்டணம் உண்டு. அதைக் கடனோடு சேர்த்தால் கடன் சுமார் 2,52,525 டாலர் ஆகும். மாதத் தவணை 1,596 டாலர். அதோடு வருடத்துக்கு 0.35 சதவீதக் கட்டணம், அதாவது மாதம் சுமார் 73 டாலர். ஆக 1,669.

எஃப்.எச்.ஏ.வில் முதலில் 3.5 சதவீதம், 8,750 டாலர் கையிலிருந்து போகிறது. மீதி 2,41,250 டாலருக்கு 1.75 சதவீத முன்காப்பீட்டுக் கட்டணம் சேர்ந்தால் கடன் 2,45,472. தவணை 1,552, அதன்மேல் மாதக் காப்பீடு சுமார் 110. ஆக 1,662.

இந்த இரண்டு எண்களையும் நன்றாகப் பாருங்கள். 8,750 டாலரை முன்னாலேயே கொடுத்தவரும் ஒரு பைசா கொடுக்காதவரும் மாதாமாதம் கட்டுவது கிட்டத்தட்ட ஒரே தொகை, வித்தியாசம் 7 டாலர்தான். எஃப்.எச்.ஏ.யின் காப்பீட்டுக் கட்டணம் அந்த முன்பணத்தின் பலனை விழுங்கிவிடுகிறது. அந்த லெண்டர் பேச்சைக் கேட்டிருந்தால் தங்கை இழந்திருக்கக்கூடியது இதைத்தான். வரி, வீட்டுக் காப்பீடு எல்லாம் இதற்கு மேல் தனி. அவை இரண்டுக்கும் பொது என்பதால் விட்டுவிட்டேன்.

அதற்காக எஃப்.எச்.ஏ. வேண்டாத கடன் என்று சொல்ல வரவில்லை. கிரெடிட் ஸ்கோர் (கடனைத் திருப்பிக் கட்டும் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்) 580 இருந்தாலே 3.5 சதவீதத்தில் நுழையலாம். யு.எஸ்.டி.ஏ.வில் 640 இருந்தால்தான் கணினிவழி ஒப்புதல் எளிதாக நடக்கும், அதற்குக் கீழே ஆள் உட்கார்ந்து காகிதம் காகிதமாகப் பார்ப்பார். இரண்டு முதல் நான்கு குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தை வாங்கி, ஒரு பகுதியில் குடியிருந்துகொண்டு மீதியை வாடகைக்கு விட எஃப்.எச்.ஏ. அனுமதிக்கும். யு.எஸ்.டி.ஏ. ஒற்றைக் குடும்ப வீட்டுக்கு மட்டும்தான்.

கன்வென்ஷனலில் 3 சதவீதம், 7,500 டாலர். கடன் 2,42,500, தவணை சுமார் 1,533. இதன்மேல் வரும் தனியார் காப்பீடான பி.எம்.ஐ. ஆளுக்கு ஆள் மாறும். ஸ்கோர் 740க்கு மேல் இருப்பவருக்குக் குறைவு, 640இல் இருப்பவருக்கு வலிக்கும் அளவுக்கு இருக்கும். வட்டியும் அரசு ஆதரவுக் கடன்களைவிடச் சற்றுக் கூடுதலாக வருவது வழக்கம். அப்படியானால் ஏன் இதைப் பார்க்க வேண்டும்? பி.எம்.ஐ.க்கு முடிவு உண்டு என்பதால்தான். கடன் பாக்கி வீட்டின் அசல் மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம், 78 சதவீதத்தில் தானாகவே நிற்க வேண்டும். 1998ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன கடன் 80 சதவீதத்துக்கு வர சுமார் 11 வருஷம் ஆகும். கூடுதலாகக் கட்டினாலோ வீட்டு மதிப்பு ஏறினாலோ முன்பே முடியும். யு.எஸ்.டி.ஏ.வின் 0.35 சதவீதம் கடன் முடியும்வரை தொடரும், பாக்கி குறையக் குறையத் தொகை மட்டும் குறையும். எஃப்.எச்.ஏ.விலும் 10 சதவீதத்துக்குக் குறைவாக முன்பணம் போட்டவருக்கு அப்படித்தான். 10 சதவீதமோ அதற்கு மேலோ போட்டவருக்கு 11 வருஷத்தில் நிற்கும். இந்தக் கட்டணங்களிலிருந்து தப்ப வேண்டுமென்றால் பின்னால் கன்வென்ஷனலுக்கு ரீஃபைனான்ஸ் செய்ய வேண்டும், அதாவது புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்க வேண்டும். அப்போதைய வட்டி எப்படி இருக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது.

க்ளோசிங் செலவையும், அதாவது வீட்டைப் பெயர் மாற்றிக் கடனை முடிக்கும் நாளில் கட்ட வேண்டிய கட்டணங்களையும், பார்க்க வேண்டும். டவுன் பேமெண்ட் பூஜ்யம் என்றால் கையில் ஒன்றுமே தேவையில்லை என்று அர்த்தமில்லை. யு.எஸ்.டி.ஏ.விலும் எஃப்.எச்.ஏ.விலும் விற்பவர் வீட்டு விலையில் 6 சதவீதம் வரை இந்தச் செலவை ஏற்கலாம். 3 சதவீத கன்வென்ஷனலில் அவர் 3 சதவீதம் வரைதான் தர முடியும். யு.எஸ்.டி.ஏ.வுக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு நீங்கள் பேசி முடித்த விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த இடைவெளி அளவுக்கு க்ளோசிங் செலவையும் கடனில் சேர்த்துக்கொள்ளலாம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இதே 502ஆம் பிரிவில் நேரடிக் கடன் என்று ஒன்று இருக்கிறது. வங்கி கிடையாது, அரசே கொடுக்கும். பகுதியின் நடுநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருப்பவர்களுக்கானது இது. மானியம் சேர்ந்தால் வட்டி 1 சதவீதம் வரைகூட இறங்கலாம், தவணைக் காலம் 33 வருஷம், சிலருக்கு 38. வீட்டை விற்கும்போது அந்த மானியத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். ஆனாலும் ஒற்றைச் சம்பளத்தில் இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல கடன் எனக்குத் தெரிந்து இல்லை.

முதல்முறை வாங்குவோருக்கான சலுகைகளுக்கு வருவோம். கடந்த மூன்று வருஷத்தில் சொந்த வீட்டில் குடியிருக்காதவர் பல திட்டங்களில் முதல்முறை வாங்குபவராகவே கருதப்படுவார். மாநில வீட்டுவசதி நிதி நிறுவனங்கள் டவுன் பேமெண்ட் உதவி தருகின்றன. அதில் மூன்று வகை உண்டு: திருப்பிக் கேட்காத மானியம், சில வருஷம் குடியிருந்தால் தள்ளுபடியாகும் இரண்டாம் கடன், வீட்டை விற்கும்போதோ ரீஃபைனான்ஸ் செய்யும்போதோ திருப்பிக் கட்ட வேண்டிய கடன். மூன்றாவதை மானியம் என்று நினைத்துக் கையெழுத்திடாதீர்கள். கன்வென்ஷனல் எடுப்பவருக்குத்தான் இந்த உதவி மிகவும் பயன்படும், 7,500 டாலரை முழுதாகக்கூட அது ஈடுகட்டிவிடலாம். சில மாநிலங்கள் மார்ட்கேஜ் கிரெடிட் சர்டிஃபிகேட்டும் தருகின்றன. கட்டும் வட்டியில் ஒரு பங்கை வருமான வரியிலிருந்தே கழிக்கலாம். அந்தப் பங்கு 20 சதவீதத்துக்கு மேல் என்றால் வருடத்துக்கு 2,000 டாலர்தான் உச்சம். ஒன்பது வருஷத்துக்குள் லாபத்துக்கு விற்று, வருமானமும் ஏறியிருந்தால் அரசு அதில் ஒரு பகுதியை உங்களிடம் திருப்பிக் கேட்கலாம். ஐ.ஆர்.ஏ. ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து 10,000 டாலர் வரை அபராதமின்றி எடுக்கலாம், வழக்கமான ஐ.ஆர்.ஏ. என்றால் வரி மட்டும் உண்டு. அப்புறம், முதல் வீட்டுக்கு மத்திய அரசு 15,000 டாலர் வரிச் சலுகை தருகிறது என்று வரும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். 2021இல் அப்படி ஒரு மசோதா வந்தது, சட்டமாகவில்லை.

யு.எஸ்.டி.ஏ.வின் பலவீனங்களையும் சொல்லியாக வேண்டும். வங்கி ஒப்புதல் தந்த பிறகும் கோப்பு அரசு அலுவலகத்துக்குப் போய் வர வேண்டும். போட்டி கடுமையாக இருக்கும் சந்தையில் இந்தத் தாமதத்தை விற்பவர் விரும்பமாட்டார். நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் மத்திய அரசு முடங்கினால் புதிய ஒப்புதல் வராது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நீடித்த முடக்கத்தில் க்ளோசிங் தேதி குறித்தவர்கள் பட்ட தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அதைவிடப் பெரியது, வீட்டு மதிப்பில் உங்களுக்குச் சொந்தமான பங்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. ஐந்து வருஷம் தவணை கட்டிய பிறகும் மேலே சொன்ன கடனில் 2,36,000 டாலருக்கு மேல் பாக்கி நிற்கும். விலை ஏறாத ஊரில் தரகுச் செலவு போக விற்றால் கையைவிட்டுப் போட வேண்டி வரும். மூன்று, நான்கு வருஷத்தில் வேலை மாறி வேறு மாநிலம் போகக்கூடியவர் இதை எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

கிரீன் கார்டு இருக்கிறது, வருமானம் வரம்புக்குள் இருக்கிறது, அந்த ஊரிலேயே ஏழெட்டு வருஷம் இருக்கப்போகிறோம் என்றால் எஃப்.எச்.ஏ.வைத் தாண்டி யு.எஸ்.டி.ஏ.வுக்குத்தான் போகச் சொல்வேன். ஸ்கோர் 740க்கு மேல், மாநில உதவியும் கிடைக்கிறது என்றால் கன்வென்ஷனல் கடனுக்கான தவணை, கட்டண விவரத்தையும் லெண்டரிடம் வாங்கி, பி.எம்.ஐ. தொகையை 73 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தங்கை வேறு லெண்டரைப் பிடித்து யு.எஸ்.டி.ஏ.வில்தான் வாங்கினாள். ஊர்ப்புற வீடு என்பதால் கிணற்றுத் தண்ணீரும் செப்டிக் தொட்டியும்தான். க்ளோசிங்குக்கு முன்பே தண்ணீர்ப் பரிசோதனை முடிந்திருந்தது. செப்டிக் தொட்டி மட்டும் முதல் குளிர்காலத்திலேயே செலவு வைத்தது, அதே மாதம் வீட்டுச் சூடேற்றியும் நின்றுபோனது. டவுன் பேமெண்ட்டாகப் போகாமல் வங்கியிலேயே கிடந்த பணத்தை எடுத்து, கடன் வாங்காமல் இரண்டையும் சரிசெய்தார்கள்.