மணல் தோட்டத்துக்குக் களாக் கன்றுகள்: ஒரு நாற்றுப் பண்ணையைப் பற்றிய மதிப்பீடு

நாகர்கோவிலை அடுத்த ஒரு நாற்றுப் பண்ணையில், கன்று ஒன்றுக்கு 50 ரூபாய் கொடுத்து வாங்கிய களாச் செடிகள், ராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடற்கரை மணலில் வேரூன்றி, இப்போது வேலியோரம் முழுவதும் காய்த்து நிற்கின்றன. தென்னையையும் கொல்லாமா எனும் முந்திரியையும் விட்டால் இந்த மண்ணில் வேறொன்றும் காய்க்காது என்று எண்ணுவோருக்குக் களாவை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

பண்ணையில் முதலில் பாராட்ட வேண்டியது, நாட்டுக் களாவையே தருகிறார்கள் என்பதாகும். களா என்ற பெயரில் தென்னாப்பிரிக்க இனமொன்றும் விற்கப்படுகிறது. அதன் வெள்ளைப் பூ பெரிது, பழம் முதிர்ந்தாலும் சிவப்பாகவே இருக்கும். நம்முடையதோ சிறு பூக்களைக் கொத்தாகப் பூத்து, இளஞ்சிவப்பு ஓடிய காய்களைத் தந்து, பழுத்ததும் கருமைக்குத் திரும்புவது. ஊறுகாய்க்கு அந்தப் பழுக்காத புளிப்புக் காய்தான் வேண்டும்.

குறை, பையிலுள்ள மண்ணில் இருக்கிறது. செம்மண்ணை இறுக அடைத்து வளர்க்கிறார்கள். அந்தக் கட்டியோடு மணலில் நட்டால், சுற்றிலும் ஊற்றும் நீர் மணல் வழியே நொடியில் வடிந்துவிட, வேரைச் சுற்றிய மண் மட்டும் காய்ந்து இறுகுகிறது. வேரும் வெளியே வரத் தயங்குகிறது. ஆகவே நடும் முன் பையை நீரில் ஊறவைத்து, ஓரத்து மண்ணை மெல்ல உதிர்த்து, சுருண்ட வேர்களை விரித்துவிட வேண்டும். ஒன்றரை அடிக் குழியின் அடியில் தேங்காய் மட்டைகளைப் பரப்பி, மணலோடு மட்கிய சாணத்தையும் நார்க்கழிவையும் கலந்து நிரப்பினால், ஈரம் நெடுநேரம் தங்கும். இந்த விவரத்தைப் பண்ணையினர் வாங்குவோரிடம் சொல்வதில்லை. சொல்லியே ஆக வேண்டும்.

உப்புக்காற்றில் இளந்தளிர் கருகுவதால், முதல் கோடையில் காற்று வரும் பக்கம் ஓலை மறைப்புக் கட்டுவது நல்லது. வேர் பிடித்த பின் களா வறட்சியைப் பொறுத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்குவதைத்தான் பொறுக்காது.

கன்றுகள் அனைத்தும் விதையிலிருந்து வளர்க்கப்பட்டவை என்பதால், செடிக்குச் செடி காயின் அளவும் புளிப்பும் வேறுபடுகின்றன. வேலிக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஊறுகாய்க்கென்றே வளர்ப்பவர்கள், தாய்ச்செடியின் கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்தெடுத்த பதியன் கன்றுகளைக் கேட்டு வாங்கலாம், ஆனால் இங்கே அவை கிடைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது வாங்கி நடுங்கள். முள் கடுமையானது, நடைபாதையிலிருந்து ஆறடியாவது தள்ளியே இடம் பாருங்கள்.