பஞ்சு மாதிரி கப்கேக்: வெண்ணெயா, எண்ணெயா, தயிரா?

கப்கேக் உப்பி வரவில்லை என்றதும் பலரும் பேக்கிங் பவுடரைத்தான் கூட்டிப் போடுகிறார்கள். பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை; கலவையில் நாம் அடித்து ஏற்றிவைத்த காற்றுக் குமிழிகளைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அளவு மிஞ்சினால் குமிழிகள் உடைந்து நடுவில் குழி விழும், நாக்கில் கசப்பும் தங்கும். ஒரு கப் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன், மிஞ்சினால் ஒன்றேகால். ஆகவே, காற்றை எதில் ஏற்றுகிறோம் என்பதை வைத்துத்தான் முறைகளை ஒப்பிட வேண்டும்.

முதலில் வெண்ணெய். சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரலின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக் காற்றை உள்ளே இழுக்கின்றன. அதனால் நைஸாகப் பொடித்த சர்க்கரை இதற்கு உதவாது. கடைச் சர்க்கரையை மிக்ஸியில் ஓரிரு சுற்று விட்டு, சன்ன ரவைப் பதத்தில் எடுத்தால் அருமையாக வரும். சிக்கல் வெயில்தான். வெண்ணெய் காற்றைப் பிடித்துவைப்பது 18 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போது. சென்னையில் மே மாதச் சமையலறை 30 டிகிரியைத் தாண்டிவிடும். ‘அறை வெப்பநிலைக்கு வரட்டும்’ என்று வெளியே வைத்தால், அடிப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பசையாகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு, விரல் அழுத்தினால் லேசாகப் பதியும் நிலையிலேயே அடிக்கத் தொடங்க வேண்டும். பாத்திரத்துக்கு அடியில் குளிர்ந்த நீர் வைத்துக்கொள்ளலாம். (ஊட்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அவர்கள் பவுடரைக் குறைக்க வேண்டும்.) இவ்வளவு செய்தாலும் கிடைப்பது மணமான, சற்று நெருக்கமான கேக். சுவையில் இதை அடிக்க ஆளில்லை; லேசாக இருப்பதில் இது இரண்டாம் இடம்தான்.

என் ஓட்டு எண்ணெய்க்கு. எண்ணெயால் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. அந்த வேலையை முட்டையின் வெள்ளைக்கரு செய்கிறது. 1927-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி பேக்கர் என்பவர் உருவாக்கிய ஷிஃபான் கேக்கின் அடிப்படை இதுதான். செய்முறையை இருபது ஆண்டுகள் ரகசியமாகவே வைத்திருந்து, 1947-இல் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்துக்கு விற்றார்.

மூன்று முட்டை, 70 கிராம் மைதா, 70 கிராம் சர்க்கரை, 40 மில்லி மணமில்லாத எண்ணெய், 50 மில்லி பால், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர். மஞ்சள் கருவோடு எண்ணெய், பால், பாதிச் சர்க்கரை, சலித்த மைதா, பவுடர் எல்லாம் சேர்த்துக் கட்டியில்லாமல் கலக்குங்கள். வெள்ளைக்கருவில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மீதிச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும்வரை அடியுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள் கருவோ துளி ஒட்டியிருந்தாலும் நுரை சரியாக எழாது. இந்த நுரையை மஞ்சள் கருக் கலவையில் மூன்று தவணையாக, கரண்டியால் அடியிலிருந்து மேலே புரட்டிச் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் பீட்டர் கூடாது. காகிதக் கப்பை எண்ணெய் தடவாமல் முக்கால் பாகம் நிரப்பி, 160 டிகிரியில் இருபது நிமிடத்துக்குமேல் வேகவிடுங்கள். ஆறும்போது மேற்பரப்பு கொஞ்சம் சுருங்கும். அது இந்த வகைக்கு இயல்பு, பயப்பட வேண்டாம்.

தயிர் முறை முட்டை சேர்க்காத வீடுகளுக்கு. ஒரு கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரைத்து, அரை டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடரும் கலந்து நுரைக்கவிட்டு, அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் மைதா. பீட்டரே தேவையில்லை. தயிரின் புளிப்பில் சோடா உடனே பொங்கிவிடுவதால் ஓவனை முன்பே சூடாக்கி வைத்திருக்க வேண்டும். கேக் மெத்தென்று, ஈரப்பதத்தோடு இருக்கும். ஆனால் வெள்ளைக்கரு தரும் லேசான தன்மை இதில் வராது. செய்த அன்றே சாப்பிடுவது உத்தமம்.

மேலே க்ரீம் வைப்பதாக இருந்தால் கணக்கு மாறும். கனமான பட்டர்க்ரீமை ஷிஃபான் தாங்காது, அமுங்கிவிடும். அதற்கு வெண்ணெய் கேக்தான் சரி. அடித்த விப்பிங் க்ரீமும் நறுக்கிய மாம்பழமும் என்றால் ஷிஃபானே போதும். க்ரீம் வைத்ததை ஃபிரிட்ஜில்தானே வைக்கப்போகிறோம், அங்கே வெண்ணெய் கேக் இறுகும். எண்ணெய் கேக் எடுத்த உடனே மென்மையாகவே இருக்கும்.