பழைய இரும்புச் சாமானைத் துப்புரவாக்கக் கொடுக்கிறவர்கள் கவனம்

அம்மம்மாவின் பாக்குவெட்டியை வவுனியாவில் ஒரு பட்டறையில் துப்புரவாக்கக் கொடுத்து, பழுதாக்கித் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். வீட்டில் பழைய பூட்டு, பெட்டகத்துக் கீல், வண்டில் சில்லுப் பட்டம் என்று அடித்துச் செய்த இரும்பு வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கா வாசியுங்கள்.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது பாக்குவெட்டியைப் பித்தளைப் பாத்திரங்களோடு பொலித்தீனில் சுற்றி மாமரத்தடியில் தாட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்து கிண்டி எடுத்தோம். பிடியெல்லாம் துரு. ஆனால் வெட்டுவாயில் கருநீலம் அங்கங்கே அப்படியே இருந்தது. பாக்கின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாகும் நிறம் அது. அம்மம்மா எத்தனையோ வருஷம் வெட்டி வெட்டி வந்தது. பிடியின் அடியில் கொல்லர் குத்திய மூன்று புள்ளிகளும் இருந்தன.

“கையாலதான் அக்கா செய்வம், மருந்தொண்டும் போடமாட்டம்” என்றார் பட்டறைக்காரர். பேசியது 2000 ரூபாய். மூன்றாம் நாள் போனால், வேலை கூடிவிட்டதாம், 4500 கேட்டார். கொடுத்தேன். பேப்பரில் சுற்றித்தான் தந்தார். அங்கேயே பிரித்துப் பார்க்காதது என் பிழை.

வீட்டில் பிரித்தால் புது எவர்சில்வர் மாதிரி மினுக்கம். கருநீலம் இல்லை. மூன்று புள்ளியும் இல்லை, அந்த இடத்தில் கிரைண்டர் ஓடிய வளைகோடுகள். மற்றப் பிடியில் பலகையில் தெரிவது போல நீள நீளமாக இழை. அதைப் பார்த்ததும்தான் அசிட்டில் ஊறவிட்டிருக்கிறார்கள் என்று விளங்கியது. அந்தக் கால இரும்புக்குள், அதைக் காய்ச்சும்போது மிஞ்சிய கசடு நூல் நூலாக ஓடியிருக்கும். அசிட் இரும்பை அரிக்க, அந்த இழைகள் வெளியே தெரியும். இடுக்குகளில் அசிட் தங்கியும் விடும். வெறும் தண்ணீரில் அலசி, மேலே வார்னிஷ் அடித்தால் என்ன நடக்கும்? ஒரு கிழமையில் வார்னிஷுக்கு அடியில் இழை வழியே செம்மஞ்சள் துரு பூத்துவிட்டது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். “பழைய இரும்பெண்டால் அப்பிடித்தான் அக்கா.” அவ்வளவுதான் பதில். காசும் வரவில்லை.

கொடுத்தே ஆகவேண்டுமென்றால் அசிட், கிரைண்டர், மணல் அடிப்பு மூன்றும் வேண்டாமென்று சொல்லி, கூலியை எழுதி வாங்கி, முன்பின் படம் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். ஆனால் இது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. தையல் மெஷின் எண்ணெய் பூசி ஓர் இரவு விடுங்கள். உதிரும் துருவை மட்டும் மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். அடியில் கறுப்பாக இறுகியிருப்பதைத் தொடவேண்டாம், அது இரும்புக்குக் காவல். பிறகு நல்ல வெயிலில் காயவைத்து, சூட்டோடு தேன்மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் துடைத்தால் சரி. பித்தளைக்குப் போடுகிற புளி, தேசிக்காய் இதற்கு ஆகாது. மாரிக்கு முன் ஒருமுறை மெழுகு பூசுங்கள். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேருவதால் இன்னும் அடிக்கடி பார்க்கவேண்டும்.

நான் தின்னரால் வார்னிஷைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் ஊறவைத்து அலசி, உடனே காயவைத்து மெழுகு பூசினேன். துரு இப்போதைக்கு நின்றிருக்கிறது. அம்மா வெட்டுவாயைத் துடைத்து, போன கிழமையிலிருந்து அதிலேயே பாக்கு வெட்டுகிறா. ஓரத்தில் லேசாகக் கறுக்கத் தொடங்கியிருக்கிறது.