ஒரே பாஸா, நாட்டுக்கொரு டிக்கெட்டா? ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் கோடைப் பயணத்துக்கு ஒரு கணக்கு

பிராங்ஃபர்ட்டில் இறங்கி, மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா பார்த்துவிட்டு, இன்ஸ்ப்ரூக் வழியாகச் சூரிச் போய்த் திரும்பலாம் என்று திட்டம் போட்டதுமே எழும் கேள்வி, யூரெயில் பாஸ் வாங்குவதா வேண்டாமா என்பதுதான். மூன்று நாட்டுக்கும் ஒரே பாஸ் என்றால் கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டணம் வைப்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வழி. பெரும்பாலோருக்கு அந்தந்த நாட்டு டிக்கெட்டே லாபம் என்பது என் கட்சி.

யூரெயிலுக்கு உள்ள நல்ல பெயரையும் சொல்லிவிட வேண்டும். பிரான்சின் அதிவேக டிஜிவி ரயிலில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாக முன்பதிவு செய்தாக வேண்டும். இந்த மூன்று நாடுகளில் பெரும்பாலான பகல் ரயில்களில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு ரயிலை விட்டால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம். 27 வயது வரை தள்ளுபடியும் உண்டு. ஆனால் நகரத்து மெட்ரோ, டிராம் இதில் அடங்காது. அரை மணி நேரப் பயணத்துக்கும் பாஸில் ஒரு முழு நாள் கழிந்துவிடும். தினமும் ஊர் மாறுகிற இளசுகளுக்குச் சரி. ஒரு ஊரில் நாலு நாள் தங்கி ஆற அமரப் பார்ப்பவர்களுக்கு வீண் செலவு.

ஜெர்மனியில் உண்மையான போட்டி டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தாவுக்கும், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் முன்கூட்டியே வாங்கும் சலுகை டிக்கெட்டுக்கும் இடையில்தான். முதலாவது 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுக்க வட்டார ரயில், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றிலும் செல்லும். மியூனிக்கிலிருந்து வட்டார ரயிலில் போனால் எல்லை தாண்டி சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும். ஆனால் ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில் பக்கமே போகக்கூடாது. நம்மூர் பாசஞ்சர் ரயில் மாதிரி நின்று நின்று போகப் பொறுமை வேண்டும். மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு வேகமான ஐசிஇ சுமார் 4 மணி நேரத்தில் போய்விடும். வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் ஒரு பகல் முழுக்கத் தீர்ந்துவிடும்.

வாங்குமுன் காலண்டரைப் பாருங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் 30 நாள் டிக்கெட் அல்ல, காலண்டர் மாத டிக்கெட். ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை பயணம் என்றால் இரண்டு மாதக் காசு. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா என்பதால், 10ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதத்தோடு முடியும். 6 வயதான பிள்ளைக்கும் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். ஐசிஇ டிக்கெட்டிலோ பெரியவர் ஒருவரோடு போகும் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் காசே இல்லை, முன்பதிவின்போது சேர்த்துக்கொண்டால் போதும். ஆக, பிள்ளைகுட்டிகளோடு போகிற குடும்பத்துக்கு வேகமான ரயிலே மலிவாக அமைந்தாலும் ஆச்சரியமில்லை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள் ஒரே நாள் சுற்றல் என்றால் ஐந்து பேர் வரை சேர்ந்து போகும் பயர்ன் டிக்கெட் இருக்கிறது. வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும்.

ஐசிஇ சலுகை டிக்கெட்டின் வம்பு, குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும் என்பது. ஆனால் ஜெர்மன் ரயில்வேயின் தாமதமே இங்கே உதவிக்கு வருகிறது. போய்ச் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், வேறு ரயிலில் போகலாம். இந்த விதி அடிக்கடி கைகொடுக்கும்: 2024இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் 6 நிமிடத்துக்குள் வந்தால் தாமதமே இல்லை என்று வைத்துக்கொண்டு.

ஆஸ்திரியாவில் யோசிக்க அதிகம் இல்லை. நாடு முழுக்கச் செல்லும் கிளிமாடிக்கெட் வருடக் கணக்கு, சுற்றுலாக்காரருக்குத் தோதுப்படாது. ஆஸ்திரிய ரயில்வேயின் ஸ்பார்ஷீனே சலுகை டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். சால்ஸ்பர்க்–வியன்னா பாதையில் வெஸ்ட்பான் என்ற தனியார் ரயிலும் ஓடுகிறது, இரண்டின் விலையையும் ஒப்பிட்டு எடுங்கள்.

காசு பறப்பது சுவிட்சர்லாந்தில். அங்கே சுவிஸ் டிராவல் பாஸுக்கும், டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் ஹாஃப் ஃபேர் கார்டுக்கும்தான் போட்டி. பாஸ் இருந்தால் ரயில், பஸ், ஏரிப் படகு, நகர டிராம், 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்கள் எல்லாம் அதிலேயே அடக்கம். 2025இல் இரண்டாம் வகுப்பில் 3 நாளுக்கு 244 பிராங்க், 15 நாளுக்கு 459. நாள் கணக்கில் முதலாவது 81 பிராங்க், இரண்டாவது 31தான். அதாவது குறைந்த நாள் பாஸ்தான் மோசமான பேரம்.

மலைக்குப் போனால் கணக்கு இன்னும் மாறும். ரிகி மலைக்கு டிராவல் பாஸிலேயே போகலாம். யுங்ஃப்ராவ்யோக் மலை ரயிலிலோ, கிரிண்டெல்வால்டு என்ற மலையூருக்கு மேல் பாஸுக்கு 25 சதவீதம்தான் தள்ளுபடி, ஹாஃப் ஃபேர் கார்டுக்குப் பாதி விலை. சூரிச்சிலோ பேர்னிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இடையிடையே இரண்டு மூன்று மலை பார்க்கும் ஆளுக்கு ஒரு மாதம் செல்லும் ஹாஃப் ஃபேர் கார்டே போதும். எதை வாங்கினாலும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவச ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

மியூனிக்–சூரிச் நேர் ரயில் சுமார் மூன்றரை மணி நேரம், ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் வழியாகப் போகும். ஃபிளிக்ஸ்பஸ் பல நாட்களில் மலிவு. ஆனால் கோடை விடுமுறை நெரிசலில் சாலையை நம்பி நான் ஏறமாட்டேன்.

தங்குமிடம் தேடும்போதும் டிக்கெட்டை நினைவில் வையுங்கள். சுவிஸ் எல்லை நகரமான பாசலில் விடுதியில் தங்கினால் நகரப் போக்குவரத்து இலவசம், ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியின் பல ஊர்களில், தங்குவோருக்குத் தரும் கோனுஸ் அட்டையோடு பஸ்ஸும் வட்டார ரயிலும் இலவசம்.

கடைசியாக பிராங்ஃபர்ட் விமானத்துக்கு: சூரிச்சிலிருந்து சரியாக நேரத்துக்குக் கிளம்பிய ரயிலும் பாசலைத் தாண்டினால் ஜெர்மன் தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். கணக்குப் போட்டு வைத்த ரயிலுக்கு இரண்டு ரயில் முன்னாலேயே ஏறிவிடுங்கள்.