இரண்டாம் வரைவை வாசிக்க ஒரு துணை: வேர்டின் 'கம்பேர்' வசதி

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஓர் அறையில் இருந்து வடிவமைப்பு வேலை செய்யும் எனக்கு, வேலையைவிட ஒப்பந்தங்களை வாசிப்பதே பெருஞ்சுமையாக இருந்து வந்தது. கொழும்பிலிருந்து வரும் பன்னிரண்டு பக்க ஆங்கில ஒப்பந்தத்தை முதன்முறை எப்படியாவது வாசித்துத் திருத்தம் கேட்டுவிடலாம். ஆனால், 'சின்ன மாற்றம்தான்' என்ற குறிப்போடு அது திரும்பி வரும்போது, புகைப்பட அல்பம் வேலை மூன்று காத்திருக்கையில், மறுபடியும் பன்னிரண்டு பக்கங்களையும் வாசிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

மைக்ரோசொஃப்ட் வேர்டின் 'ரிவியூ' பட்டையில் உள்ள 'கம்பேர்' அந்த இரண்டாம் வாசிப்புக்கென்றே அமைந்தது போன்றது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் காட்டினால், சேர்ந்த சொற்களையும் நீங்கிய சொற்களையும் வேறொரு கோப்பில் குறித்துத் தரும். கணினியில் நிறுவிய வேர்டில் இதற்கு இணையம் தேவையில்லை. மின்சாரம் நின்றாலும் மடிக்கணினியின் மின்கலம் இருக்கும்வரை வேலை நடக்கும். 'மோர்' (More) என்பதை அழுத்தி 'ஃபோமற்றிங்' (Formatting) என்ற தெரிவை நீக்கிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எழுத்தின் அளவு மாறியதெல்லாம் மாற்றமாகக் காட்டப்பட்டு, உண்மையான மாற்றம் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும்.

அண்மையில் ஒரு வாடிக்கையாளர் கொடுப்பனவுக் காலத்தை 30 நாளிலிருந்து 45 நாளாக்கியதாக மின்னஞ்சலில் சொல்லியிருந்தார். ஒப்பிட்டுப் பார்த்தபோது, அது அவர் சொன்னபடியே இருந்தது. அதற்கு நான்கு பிரிவுகள் கீழே, 'இறுதிக் கோப்புகள்' என்றிருந்த இடம் வெட்டப்பட்டு, 'வேலைக் கோப்புகள் அனைத்தும்' என்று சிவப்பில் அடிக்கோடிட்டு நின்றது. அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. வேலைக் கோப்பை, அதாவது யாரும் திறந்து திருத்தக்கூடிய, அடுக்குகளோடு கூடிய மூலக் கோப்பைக் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் அதே சுவரொட்டியில் திகதியை மாற்ற என்னை எவர் தேடுவார்? தனி விலை கேட்டேன். பழைய வாசகம் திரும்பியது.

மாற்றம் எங்கே என்று காட்டும் இந்த வசதி, அதன் பொருள் என்ன என்று சொல்லாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பொருளாதார உரிமையை, அதாவது படைப்பைப் பிரதி செய்யவும் விற்கவும் உள்ள உரிமையை, கைமாற்றுவது எழுத்தில் கையொப்பத்தோடு நடக்க வேண்டும். அது கைமாறிய பின்னும், படைப்பில் தன் பெயரைக் கோருவதும் அதைச் சிதைப்பதை எதிர்ப்பதும் படைத்தவரின் உரிமைகளாகவே இருக்கும். இந்த அறிவு இல்லாதவருக்குச் சிவப்புக் கோடு வெறும் கோடுதான். உரிமை பற்றிய பிரிவில் கோடு விழுந்தால் நான் சட்டத்தரணி ஒருவரிடம் அந்தப் பக்கத்தை மட்டும் கொண்டுபோகிறேன். முழு ஒப்பந்தத்தையும் அவர் மேசையில் வைப்பதைவிட அது இருவருக்கும் வசதி.

குறையென்றால், ஸ்கான் செய்த பிடிஎஃப் வந்தால் இது கையை விரித்துவிடும். சாதாரணப் பிடிஎஃபை வேர்ட் 2013 முதல் திறக்கலாம் என்றாலும், பந்திகள் குலைந்து பொய்யான மாற்றங்களும் தோன்றும். ஆகவே ஒப்பந்தத்தை வேர்ட் கோப்பாகவே அனுப்புமாறு முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுகிறேன். ஸ்கான் பிரதிதான் தருவோம் என்பவர்களின் ஒப்பந்தத்தை, இன்றும் இரண்டு பிரதிகளையும் அச்சிட்டு அருகருகே வைத்து, அடிமட்டத்தை வரிக்கு வரி நகர்த்தித்தான் வாசிக்கிறேன்.