மினோவன் நாகரிகத்தை முடிச்சது எரிமலையா, மைசீனியன் ஆளுங்களா?

மினோவன்ங்கறது வெண்கலக் காலத்துல கிரீட் தீவுல (இப்போ கிரீஸ் நாட்டுல இருக்கு) இருந்த நாகரிகம். அதோட க்னோஸோஸ் அரண்மனையை 1878லயே மினோஸ் கலோகைரினோஸ்னு ஒரு உள்ளூர்க்காரர் தோண்ட ஆரம்பிச்சிட்டாரு, ஆனா 1900ல வந்த பிரிட்டிஷ் தொல்லியல் ஆய்வாளர் ஆர்தர் எவன்ஸ் பேருதான் எல்லாருக்கும் தெரியுது, அது ரொம்ப அநியாயம்.

சரி, இவ்ளோ பெரிய நாகரிகம் எப்படி விழுந்துச்சு? ஒரு கட்சி தேரா எரிமலைன்னு சொல்லுது, அதாவது கிரீட்டுக்கு வடக்க இருக்கற இப்போதைய சான்டோரினி தீவு. 1939ல கிரேக்க தொல்லியல் ஆய்வாளர் மரினாடோஸ் சொன்ன விஷயம் இது, அப்புறம் 1967ல அவரே அந்த தீவுல அக்ரோதிரிங்கற இடத்துல தோண்டி சாம்பலுக்கு அடியில இருந்து ஒரு ஊரையே வெளிய கொண்டு வந்தாரு, மாடி வீடு, சுவர் ஓவியம், கழிவுநீர் கால்வாய்னு எல்லாம் அப்படியே இருக்கு, பாத்தா யாருக்கும் இதுதான் காரணம்னு தோணும். ஆனா காலக்கணக்கு இடிக்குதே! ரேடியோகார்பன்படி (பழைய மரம், விதையில இருக்கற கார்பனை அளந்து வயசு கணக்கிடற முறை) வெடிச்சது கிமு 1600 வாக்குல, கிரீட்ல அரண்மனைங்க எரிஞ்சது கிமு 1450 கிட்ட.

அதனால என் ஓட்டு மைசீனியன் பக்கம்தான், அதாவது கிரீஸ் பெருநிலத்துல இருந்த, கிரேக்க மொழி பேசின ஆளுங்க. மத்த அரண்மனைங்க எரிஞ்சப்போ க்னோஸோஸ் பெருசா அடிபடல, அதுக்கப்புறம் அங்க கணக்கு எழுதின களிமண் பலகை எல்லாம் லீனியர் பிங்கற பழங்கால எழுத்துல இருக்கு, அதை 1952ல மைக்கேல் வென்ட்ரிஸ் படிச்சு பாத்தா கிரேக்க மொழி! ஆட்சி கை மாறிடுச்சுன்னு இதைவிட என்ன சாட்சி வேணும். எரிமலையும் சுனாமியும் வடக்கு கரையை அடிச்சதுக்கு தடயம் இருக்கு, ஆனா அதுக்கப்புறமும் அவங்க எழுந்து நின்னு அரண்மனைல வாழ்ந்திருக்காங்க.